வாரம் ஒரு மணி நேரம் களத்துக்கு வாருங்கள்

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, பேளுக்குறிச்சி, புதன்சந்தை, எருமப்பட்டி சுற்றுவட்டாரத்தில் கோழிப்பண்ணையும் தீவன ஆலையும் சேகோ பேக்டரியும் லாரி பாடி பட்டறையும் நடத்தும் முதலாளிமார்களுக்கு,



உங்களிடம் நேரில் சொல்ல முயன்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஆபீஸுக்கு வந்தால் உபசரிப்பில் ஒரு குறையும் இருப்பதில்லை. டீ வரும், குடும்பத்தை விசாரிப்பீர்கள். பேச்சு காரியத்துக்கு வரும் நேரத்தில் போன் அடிக்கும். லோடு, ரேட், பேங்க் என்று உங்கள் கவனம் வேறு பக்கம் போய்விடும். நாங்கள் எழுந்து கிளம்பும்போது, "நீங்க பாத்துச் செய்யுங்க, செலவப் பத்திக் கவலைப்படாதீங்க" என்பீர்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்த மடல். அதைச் சொல்லும்போது உங்கள் மனதில் இருப்பது பெருந்தன்மைதான். ஆனாலும் நீங்கள் ஆசையாய்த் தொடங்கிவைத்த வேலை அந்த இடத்தில்தான் சாகத் தொடங்குகிறது.

சில ஆண்டுகளாக உங்களில் பலர் லீன், கைசன், 5எஸ் என்று முன்னேற்றத் திட்டங்களை உங்கள் தொழிற்கூடங்களில் தொடங்கியிருக்கிறீர்கள். சிலருக்கு ஆர்டர் கொடுக்கும் பெரிய கம்பெனி நிபந்தனை வைத்தது. சிலருக்கு ஏற்றுமதிக்குத் தேவைப்பட்டது. இன்னும் சிலர் ஓசூரிலோ கோவையிலோ ஓர் ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, நம்ம இடமும் இப்படி இருக்க வேண்டும் என்று உள்ளபடியே ஆசைப்பட்டீர்கள். தொடக்க நாளன்று பூஜை நடந்தது, ஆட்களுக்குச் சாப்பாடு போட்டீர்கள், தரையில் மஞ்சள் கோடு இழுக்கப்பட்டது, சுவரில் பெரிய போர்டு மாட்டப்பட்டது. நாலு மாதம் கழித்து அந்த மஞ்சள் கோட்டின் மேல் டிரம் நிற்கிறது. போர்டில் எழுதிய எண்ணை யாரும் மாற்றுவதில்லை. அப்போது உங்களிடமிருந்து வருவது இரண்டே பேச்சு: "நம்ம ஆளுங்களுக்கு ஒழுங்கு பத்தாதுங்க" என்பது ஒன்று, "கன்சல்டன்ட் காசை வாங்கிட்டுப் போயிட்டான்" என்பது மற்றொன்று.

இரண்டையும் நான் ஏற்கவில்லை. உங்கள் ஆட்களோடு நின்று வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், திட்டம் செத்தது உங்கள் ஆட்களாலும் இல்லை, வெளியிலிருந்து வந்தவராலும் இல்லை. பத்திரிகை அடித்துக் கொடுத்துவிட்டு முகூர்த்தத்துக்கு வராத பெண் வீட்டுக்காரரைப்போல், தொடக்க நாளுக்குப் பிறகு நீங்கள் அந்தப் பக்கம் வரவில்லை.

பெயர் வேண்டாம், ஒரு பண்ணையில் நடந்ததைச் சொல்கிறேன். முட்டை உடைசல் கூடிக்கொண்டே போகிறது என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். பொறுப்பு ஒரு சூப்பர்வைசர் பையனிடம். சுறுசுறுப்பானவன். முதல் வாரத்திலேயே ஒரு நோட்டுப் போட்டு, எந்த ஷெட், எந்த வரிசை, காலையில் எடுத்ததா மதியத்துக்கு மேல் எடுத்ததா என்று கீறல் முட்டைகளைப் பிரித்துப் பிரித்து எழுதினான். சந்தேகப்பட்ட முட்டையைச் செல்போன் டார்ச்சின் மேல் வைத்துப் பார்ப்பான். வெறுங்கண்ணுக்கு நல்ல முட்டையாய்த் தெரிவதில் மயிரிழைபோல் ஒரு கீறல் ஓடுவது அப்போதுதான் தெரியும். ஒரு மாதத்தில் அவனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. உடைசலில் பெரும் பங்கு முட்டை எடுக்கும் பெண்களின் கையில் நடக்கவே இல்லை. சில வரிசைகளில் கூண்டின் அடிக்கம்பி தொய்ந்து, முட்டை உருண்டு வரும் இடத்தில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தது. வயதான கோழிகள் இருந்த ஷெட்டில் முட்டை பெரிதாகவும் ஓடு மெலிதாகவும் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, தீவனத்தில் பருமனான கிளிஞ்சலும் கல் குருணையும் குறைந்து, பொடிச் சுண்ணாம்பு கூடியிருந்தது.

உங்களுக்குத் தெரியாததா? கோழி ஓடு கட்டுவது பெரும்பாலும் இரவில். அந்த நேரத்தில் அதன் வயிற்றில் மெதுவாகக் கரையும் பருமனான சுண்ணாம்புத் துகள் இருக்க வேண்டும். பொடி சீக்கிரம் கரைந்து போய்விடும். நம்ம ஊர் கோடையில் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தால் ஓடு இன்னும் மெலியும். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-லிருந்து நம் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பையன் அங்கேயும் போய்க் கேட்டு வந்தான்.

இனி அவன் என்ன செய்ய முடியும் என்று யோசித்துப் பாருங்கள். தீவனச் சாமான் வாங்குவது முதலாளியின் மைத்துனர். கூண்டு மாற்றுவது முதலாளியின் பணம். வயதான கோழியை எப்போது கழிப்பது என்பது முதலாளியின் கணக்கு. பையன் தீவன ஆலைக்குப் போய்க் கேட்டதற்கு, "நீ முட்டை பாக்கற ஆளு, தீவனத்தப் பத்தி உனக்கென்ன?" என்று பதில் வந்தது. முதலாளியிடம் சொல்லலாம் என்று போனால், அவர் வெளியூர். வந்ததும், "மச்சான்கிட்டப் பேசிக்கோ" என்றார். கடைசியில் அவன் அதிகாரத்துக்குள் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். முட்டை எடுக்கும் பெண்களிடம் போய், "பாத்து எடுங்கம்மா" என்று சொல்வது. தப்பு அவர்களிடம் இல்லை என்று தன் நோட்டிலேயே எழுதி வைத்தவன், அவர்களைத்தான் அதட்ட வேண்டியிருந்தது. சில மாதங்களில் அவன் வேறு வேலைக்குப் போய்விட்டான். "பசங்க நிக்கறதில்லீங்க" என்றார் முதலாளி.

அந்த முதலாளி நல்ல மனிதர், இதை அழுத்திச் சொல்கிறேன். ஆட்களின் வீட்டுக் கல்யாணத்துக்கு முதலில் போய் நிற்பவர். அவருடைய பண்ணையில் அவருக்கு மட்டுமே உள்ள ஓர் அதிகாரத்தை அந்தத் திட்டத்துக்கு அவர் கடன் கொடுக்கவில்லை. குறை அவ்வளவுதான், ஆனால் எல்லாக் குறையும் அதற்குள் அடக்கம்.

தொழிற்கூடத்தில் எந்தப் பிரச்சினையும் ஒரே இடத்தில் பிறந்து அதே இடத்தில் முடிவதில்லை. உடைசல் தெரியும் இடம் முட்டை ரூம், அதன் வேர் இருப்பது தீவன ஆலையில், கொள்முதலில், உங்கள் குடும்பத்துக்குள்கூட. இந்த எல்லைகளையெல்லாம் தாண்டி நடக்க உங்கள் கூடத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உரிமை. பெரிய கம்பெனிகளில் அவரை ஸ்பான்சர் என்பார்கள், சில இடங்களில் சாம்பியன் என்பார்கள். பட்டம் எதுவாக இருந்தாலும் வேலை ஒன்றுதான்: திட்டத்தில் உழைப்பவன் முட்டி நிற்கும் கதவைத் திறந்துவிடுவது. அந்தச் சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. அதை மேனேஜரிடம் கொடுத்துவிட்டேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். மேனேஜரைக் கேட்டுப் பாருங்கள், தன்னிடம் இருப்பது ஆபீஸ் சாவி மட்டும்தான் என்பார்.

சில நேரம் நீங்கள் வராமல் இருப்பதைவிட, தெரியாமல் நடுவில் கை வைப்பது அதிகக் கேடு செய்கிறது. சேகோ பேக்டரி வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள்.

மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கி இரண்டு நாள் போனால் உள்ளே நீலக்கோடு ஓட ஆரம்பித்துவிடும். மாவின் நிறம் மங்கும், ஜவ்வரிசியின் வெண்மை போகும், விலை இறங்கும். ஆகவே வந்த வண்டி வந்த வரிசையில் இறங்க வேண்டும், எந்த வண்டியும் கேட்டில் ராத்தங்கக் கூடாது என்பதுதான் ஓர் ஆலையில் எடுத்த திட்டம். டோக்கன் கொடுத்தார்கள். எடைமேடைக்குப் பக்கத்தில் போர்டு வைத்து, வண்டி வந்த நேரமும் இறங்கிய நேரமும் எழுதினார்கள். முதல் பத்து நாள் அருமையாக நடந்தது. டிரைவர்களே வந்து போர்டைப் பார்த்துவிட்டு டீக்கடைக்குப் போனார்கள், சண்டை இல்லை. பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ முதலாளியிடமிருந்து போன்: "அந்தப் புரோக்கர் வண்டி ஒண்ணு வருது, அத மட்டும் முன்னாடி இறக்கிடு." அவருக்கு அது ஒரே ஒரு வண்டி. நீண்ட நாள் பழக்கம், தட்ட முடியாது. கேட்டில் நின்ற மற்ற டிரைவர்களுக்கும் விவசாயிகளுக்கும் டோக்கனுக்கு மேலே ஒரு போன் நம்பர் இருக்கிறது என்று அந்தப் பகலிலேயே தெரிந்துவிட்டது. அடுத்த நாள் எல்லாரும் யாரையாவது பிடித்துப் போன் போட ஆரம்பித்தார்கள். அந்த வாரம் முடியுமுன் போர்டு எடைமேடையின் பின்பக்கம் போய்விட்டது. வரிசையைக் காத்து நின்ற எடைமேடைக்காரர்தான் எல்லாரிடமும் பேச்சு வாங்கியவர்.

அந்த முதலாளி அன்று போனில் புரோக்கரிடம், "எங்க ஆலையில டோக்கன் முறை, எனக்கே அதுதாங்க" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவர் இரண்டு நாள் முகம் கோணியிருப்பார். மற்ற அத்தனை பேருக்கும் இது நிஜம் என்று புரிந்திருக்கும். உங்கள் ஒரு சொல்லுக்கு அவ்வளவு எடை இருக்கிறது. அந்த எடையை நீங்கள் அறியாமலே எங்கெங்கோ இறக்கிவைக்கிறீர்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

பாடி பட்டறைகளைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சேஸிஸ் வந்து நிற்கும், வெல்டர் இருப்பார், தச்சர் இருப்பார், தகடு இருக்காது. தகடு ஏன் வரவில்லை என்றால் செக்கில் கையெழுத்து ஆகவில்லை. வேலை நேரத்தைக் குறைக்கத் திட்டம் போட்டு வெல்டர்களின் கையில் ஸ்டாப்வாட்சை நீட்டுகிறோம். உங்கள் மேஜையில் ஒரு காகிதம் எத்தனை நாள் கிடக்கிறது என்பதை அளக்கும் தைரியம் எங்களில் யாருக்கும் வருவதில்லை.

இந்தக் கோளாறு நம் ஊருக்கு மட்டும் உரியது என்று நினைத்துக் குன்றிப்போகவும் வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 முதல், அமெரிக்கத் தொழிற்சாலைகளின் பொறியாளர்களுக்குப் புள்ளியியல் முறையில் தரத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று வகுப்புகள் நடந்தன. அதற்கு வித்திட்டவர்களில் ஒருவர் எட்வர்ட்ஸ் டெமிங். வகுப்புக்கு வந்தவர்கள் ஆர்வமாகக் கற்றார்கள், ஆலைகளில் பலனும் கிடைத்தது. போர் முடிந்தது, கொஞ்ச காலத்தில் அத்தனையும் அணைந்துபோனது. டெமிங் பின்னால் சொன்ன காரணம் எளியது. கற்றவர்கள் பொறியாளர்கள், அவர்களுக்கு மேலே இருந்தவர்களுக்குத் தங்கள் பங்கு என்ன என்று தெரியவே இல்லை. 1950-இல் ஜப்பான் விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கம் அவரைப் பாடம் நடத்த அழைத்தபோது, அதே தவறு அங்கும் நடக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். முதலாளிகளை நான் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அந்தச் சங்கத்துக்கும் ஜப்பானின் பெரிய தொழில் கூட்டமைப்புக்கும் தலைவராக இருந்த இச்சிரோ இஷிகாவா, கம்பெனித் தலைவர்களை அழைத்துவந்து அவர் முன் உட்கார வைத்தார். போரில் இடிந்து கிடந்த நாட்டின் தொழில்கள் எழுந்த கதையில் அந்த 1950-ஆம் ஆண்டுக் கூட்டங்களுக்குப் பெரிய இடம் உண்டு. அடுத்த ஆண்டே அவர் பெயரில் டெமிங் பரிசு தொடங்கப்பட்டது.

அந்தப் பரிசு நம் தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கிறது. சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் அதைப் பெற்றது, இந்தியாவிலேயே முதல் முறை. 2001-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2002-இல் நமக்கு மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஓசூரின் டிவிஎஸ் மோட்டார், 2003-இல் ரானே பிரேக் லைனிங்ஸ் என்று வரிசையாக வந்தது. அந்தத் தேர்வில் ஒரு பகுதியை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். தேர்வாளர்கள் ஆலையைச் சுற்றிப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. கம்பெனியின் தலைமையில் இருப்பவர்களைத் தனியாக உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். அங்கே மேனேஜர் பதில் சொல்ல முடியாது. சுந்தரம் கிளேட்டனையும் டிவிஎஸ் மோட்டாரையும் நடத்திய வேணு சீனிவாசனுக்கு 2019-இல் அந்தப் பரிசுக் குழு தனியாக ஒரு விருதும் கொடுத்தது. தர மேலாண்மையை ஜப்பானுக்கு வெளியே பரப்பியதற்காகத் தனிமனிதர்களுக்குக் கொடுக்கும் விருது அது. தரத்தை ஒரு துறையின் வேலை என்று விட்டிருந்தால் அந்த இடத்துக்கு ஒரு முதலாளி போயிருக்க முடியாது.

"அவங்க பெரிய கம்பெனிங்க, நமக்கு அது ஆகுமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சரி, சிறியதிலிருந்து வருகிறேன். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களோடு கண் அறுவை செய்தவர். அங்கே ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒரு மேஜையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். டாக்டர் காத்திருக்கத் தேவையே இருக்காது. கண் பரிசோதனை, அறுவைக்குத் தயார்ப்படுத்துவது, பிறகு பார்த்துக்கொள்வது என்று மற்ற வேலைகளைக் கிராமங்களிலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்கள் செய்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. டாக்டர்களின் பழக்கத்தையும் அந்தஸ்தையும் தொடும் மாற்றம் இது. ஒரு நர்ஸோ ஒரு அட்மின் அலுவலரோ போய், "டாக்டர், இனிமேல் இந்த வேலையை நீங்க செய்ய வேண்டாம்" என்று சொல்லியிருக்க முடியுமா? தலைமையில் இருந்த மூத்த மருத்துவரே அறுவை அறையில் நின்று அப்படிச் செய்ததால்தான் மற்றவர்கள் செய்தார்கள்.

நம் தொழிலிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது, பண்ணைக்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். முட்டை விலையை வியாபாரிகள் கையில் விட்டுவிட்டு நட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவானது. முன்னால் நின்ற டாக்டர் பி.வி. ராவ் அறிக்கை விட்டுவிட்டு ஆபீஸில் உட்காரவில்லை. நாடு முழுக்கச் சுற்றிப் பண்ணைக்காரர்களைக் கூட்டம் கூட்டமாகச் சந்தித்துப் பேசினார். இன்றைக்கும் நாமக்கல் மண்டல விலை என்ன என்று நீங்கள் தினமும் கேட்கிறீர்களே, அதன் பின்னால் அந்த அலைச்சல் இருக்கிறது. தலைவர் நேரில் வந்து நின்றால் என்ன நடக்கும் என்பதை நம் ஊர் கண்டிருக்கிறது.

உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. மக்காச்சோளமும் சோயாவும் ஏறினால் தூக்கம் போகிறது. முட்டை விலை உங்கள் கையில் இல்லை. கரண்ட் பில், வங்கித் தவணை, வட மாநிலத்து ஆட்கள் ஊருக்குப் போனால் திரும்புவார்களா என்ற கவலை, இதற்கு நடுவே ஒரு மணி நேரம் என்று நான் கேட்பது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். ஆனால் மக்காச்சோள விலையை உங்களால் குறைக்க முடியாது. உடைசலைக் குறைக்க முடியும். கேட்டில் கருக்கும் கிழங்கைக் காப்பாற்ற முடியும். உங்கள் கைக்குள் இருக்கும் லாபம் இதுதான் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அடுத்தது பயம். நீங்கள் களத்துக்கு வருகிறீர்கள் என்று வையுங்கள். போர்டில் இந்த வாரம் உடைசல் கூடியிருக்கிறது. நீங்கள் முகம் சிவந்து, "யார்றா இந்த ஷெட்டுக்கு?" என்று கேட்டால் போதும், அடுத்த வாரத்திலிருந்து போர்டில் உடைசல் குறைந்துவிடும். ஷெட்டில் குறையாது. கீறல் முட்டையை அங்கேயே உடைத்து ஊற்றிவிட்டுக் கணக்கில் காட்டாமல் விடுவார்கள். உங்களை ஏமாற்ற வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை இல்லை, வீட்டுக்குச் சம்பளம் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். டெமிங் தன் பதினான்கு அறிவுரைகளில் பயத்தை விரட்டுங்கள் என்று ஒன்றை வைத்ததும், ஆட்களைப் பார்த்துக் கோஷம் எழுதிய தட்டிகளைக் கழற்றுங்கள் என்று இன்னொன்றை வைத்ததும் இதற்காகத்தான். கெட்ட எண்ணைக் கொண்டுவந்து காட்டுபவன்தான் உங்களுக்கு நல்லது செய்பவன். அவனிடம், "நல்லவேளை சொன்ன, ஏன் இப்படி ஆச்சு, வா போய்ப் பாப்போம்" என்று ஒரு முறை எல்லார் முன்னாலும் சொல்லிப் பாருங்கள். சுவரில் எழுதிய எந்த வாசகமும் செய்யாததை அது செய்யும்.

அப்பாவும் மகனுமாகத் தொழில் நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது பல வீடுகளில் பிள்ளைகள் இன்ஜினியரிங்கோ எம்பிஏவோ முடித்துவிட்டு, வெளியில் வேலைக்குப் போகாமல், தொழிலுக்கே திரும்பி வந்திருக்கிறார்கள். முன்னேற்றத் திட்டங்களை ஆரம்பிப்பதும் பெரும்பாலும் அவர்கள்தான். காலையில் மகன் ஒரு முறையைச் சொல்லிவிட்டுப் போவார், சாயங்காலம் அப்பா வந்து, "அதெல்லாம் வேணாம், பழையபடியே செய்" என்பார். அப்பாவின் அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. சில நேரம் அவர் சொல்வதுதான் சரியாகவும் இருக்கும். ஆனால் ஆட்கள் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். சின்ன முதலாளி சொல்வது நாலு நாள் காற்று என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்பாமார்களே, உங்கள் மகனோடு கருத்து வேறுபாடு இருந்தால் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். களத்தில் இரண்டு பேரும் ஒரே வார்த்தை பேசுங்கள். முடிந்தால் மகன் எடுத்த திட்டத்தின் போர்டுக்கு முன்னால், அவர் பக்கத்தில், ஒரு நாள் நீங்கள் வந்து நில்லுங்கள். நீங்கள் ஒன்றுமே பேச வேண்டாம், நின்றால் போதும்.

அரசு உதவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் லீன் திட்டம் 2023 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்டது. ஆலோசகருக்கான செலவில் 90 சதவீதத்தை அரசே ஏற்கிறது. குறைபாடில்லாத உற்பத்திக்கான செட் சான்றிதழ் 2022 ஏப்ரலில் புதுப்பிக்கப்பட்டது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படி, குறு நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதம் மானியம். இரண்டிலும் முதல் படி, நிறுவனத்தின் தலைமையில் இருப்பவர் எடுக்கும் உறுதிமொழி. நடைமுறையில் என்ன நடக்கிறது? ஆபீஸில் அக்கவுண்டன்ட் கம்ப்யூட்டரில் உறுதிமொழியைத் திறக்கிறார், உங்கள் போனுக்கு ஓடிபி வருகிறது, நீங்கள் காரில் போய்க்கொண்டே அந்த எண்களைப் படித்துச் சொல்கிறீர்கள். உறுதிமொழி எடுத்தாகிவிட்டது. அதில் என்ன எழுதியிருந்தது என்று உங்களைக் கேட்டால் தெரியாது. இந்த மானியங்களை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நம் வட்டாரத்துக்கு வர வேண்டிய பணம் அது, நிச்சயம் வாங்குங்கள். அந்த உறுதிமொழியை மட்டும் ஒரு முறை உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள். படித்த பிறகு முடியாது என்று தோன்றினால், இந்த வருடம் எடுக்காமல் விடுங்கள். சான்றிதழ் இல்லாததைவிட, சுவரில் சான்றிதழும் கீழே பழைய வேலையும் இருப்பது உங்கள் ஆட்களை அதிகம் கெடுக்கும்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

ஒரே ஒரு திட்டத்தை எடுங்கள். ஐந்தாறு வேண்டாம். உடைசல், கேட்டில் நிற்கும் வண்டி, திரும்பி வரும் பாடி, உங்களுக்கு எது அதிகம் வலிக்கிறதோ அது. அதை யார் செய்யப்போகிறார் என்பதோடு, பின்னால் யார் நிற்கிறார் என்பதற்கு உங்கள் சொந்தப் பெயரை அந்தப் போர்டில் எழுதச் சொல்லுங்கள். "நிர்வாகம்" என்று எழுத வேண்டாம்.

வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். செவ்வாய், வெள்ளி, உங்களுக்கு எந்த நாள் ஒத்துவருமோ அந்த நாள், அதே நேரம். ஆபீஸில் இல்லை, ஷெட்டில், எடைமேடையில், வெல்டிங் நடக்கும் இடத்தில். போனை ஆபீஸில் வைத்துவிட்டு வாருங்கள். வேலை செய்பவரிடம் கேளுங்கள்: போன வாரம் என்ன செய்து பார்த்தீர்கள், என்ன ஆனது, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் உங்களுடைய வேலை. தீவனச் சாமானா, கூண்டுக் கம்பியா, செக் கையெழுத்தா, மைத்துனரிடம் பேச வேண்டுமா, அதை அடுத்த வாரம் அதே நேரத்துக்குள் முடித்துவிட்டு வாருங்கள். முடியாது என்றால் முடியாது என்று காரணத்தோடு அவர் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். பணம் இல்லை என்பதும் ஒரு பதில்தான். பதிலே வராமல் கிடப்பதுதான் அவரைக் கொல்கிறது.

சீசனில் நிறுத்தாதீர்கள். கிழங்கு வரத்து உச்சத்தில் இருக்கும்போதும், கோடையில் பண்ணை திணறும்போதும்தான் பிரச்சினை கண்ணுக்குத் தெரிகிறது. "சீசன் முடியட்டும்" என்று ஒத்திப்போட்டால், முடிந்த பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. அந்த மாதங்களில் ஒரு மணி நேரம் முடியாவிட்டால் அரை மணி நேரம் வாருங்கள்.

இவ்வளவும் செய்து, ஆறு மாதத்தில் திட்டம் பலன் தரவில்லை என்றால், எல்லாரையும் கூட்டி, இதோடு நிறுத்துகிறோம், இதிலிருந்து இன்னது தெரிந்துகொண்டோம் என்று நீங்களே சொல்லி நிறுத்துங்கள். உழைத்தவர்களுக்கு அந்த மரியாதை வேண்டும். தானாகத் தேய்ந்து போகட்டும் என்று விட்டால், அடுத்த முறை நீங்கள் பூஜை போடும்போது ஒருவர்கூட நம்பி வர மாட்டார்.

உங்கள் கூடங்களில் இன்றைக்கும் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருக்கும் பையன்களும் பெண்களும் இருக்கிறார்கள். யாரும் கேட்காமலேயே எழுதுகிறார்கள். இந்த மடலைப் படித்து முடித்ததும் அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்களோடு நின்று வேலை பார்க்கும் ஒருவன்,
சேந்தமங்கலம்.